இருபத்தாறு மெழுகுவத்தி

“கடைசில மெதுவா பேசறா பாரு, அந்தத் துண்ட மட்டும் இன்னொரு தபா போடுப்பா.”

“பாட்டரி பூடும் அத்தே. அப்புறம் நீ பேசறதுக்கு மிச்சம் இருக்காது.”

“நான் இன்னா பெருசா பேசப் போறேன்? போடு.”

“ஒம்பது நாளா இதையேதான் சொல்ற. சினிமாப் பாட்டு கேக்கலாம்னு ஆசையா வாங்கியாந்த டேப்பு. ஒரு பாட்டு கேட்டிருப்பேனா நானு? கேக்கு வெட்டறதையேதான் கேட்டுகினு கீறேன்.”

சலித்துக்கொண்டாலும் பலராமன் பொத்தானை அமுக்கிவிட்டான். மணிமங்கலத்துக்காரன், கோவிந்தம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். குவைத்தில் லாரி ஓட்டுகிறான். பத்து நாள் லீவில் வந்தவன் நாளை விடியற்காலை கிளம்புகிறான். வரும்போது கோவிந்தம்மாளின் மகள் அவனிடம் கொடுத்தனுப்பியது ஒரு கேசட்டும் ஒரு போட்டோவும். சேரப்பணஞ்சேரியில் அவர்கள் தெருவில் கேசட் போட்டுக் கேட்க யாரிடமும் எதுவும் கிடையாது. அதனால் தினமும் மத்தியானம் அவனே டேப்ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

பின்னால் ஓட்டியதில் நாடா கொஞ்சம் அதிகமாகவே ஓடிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தது. பரவாயில்லை என்று கோவிந்தம்மாள் கைகாட்டினாள்.

முதலில் கடல் வந்தது. யாரோ பெரிய முறத்தில் நெல்லைப் புடைத்து, நிறுத்தி, மறுபடி புடைப்பதுபோல ஒரு சத்தம். அதன் மேல் பிள்ளைகளின் கூச்சல். அப்புறம் வெகு பக்கத்தில், காதுக்குள்ளேயே வாயை வைத்துப் பேசுவதுபோல மகளின் குரல்.

“அம்மா, அப்பா, நல்லா கீறீங்களா? நான் லீலா பேசறேன்.”

ஒன்பது நாளும் இந்த இடத்தில் கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். இன்றும் வைத்துக்கொண்டாள்.

“இப்ப நாங்க குவைத்துல இல்ல. அங்க வெயில் தாங்கலன்னு மேடம் வூட்ல எல்லாரும் கெளம்பி சைப்ரஸ்னு ஒரு தீவுக்கு வந்துகீறோம். வெயில் தாங்கலன்னு வந்துட்டு இங்க நாளெல்லாம் வெயில்லயே படுத்துகினு கீறாங்கம்மா. பெரிய பெரிய மனுசங்க, துண்டு துணியோட. நீ பாத்தா சிரிச்சே செத்துடுவ. கடலு நம்ம மகாபலிபுரத்துக் கடலு மாதிரி இல்ல. நீலம். சொட்டு நீலம் கலக்குவியே அலுமினியக் குண்டான்ல, அந்த நீலம். காலு தெரியுது தண்ணிக்குள்ள.

“ஓட்டல்ல ரூமு குடுக்கறவன் எங்க பாஸ்போர்ட்ட எல்லாம் பொரட்டிப் பாத்தான். என்னுதப் பாத்துட்டு மேடத்தாண்ட இன்னாவோ சொன்னான். மேடம் என்னக் கட்டிப் புடிச்சிகினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. மத்தியானம் பாத்தா மணல்ல குடை நட்டு, மேசை போட்டு, கேக்கு வச்சிகீறாங்க. நாளைக்கு எனக்குப் பொறந்த நாளுன்னு நெனச்சிகினு படுத்தேனா நானு? இருபத்தாறு மெழுகுவத்திம்மா! காத்துல ஒண்ணு கூட நிக்கல. பசங்க கைய மறைச்சி மறைச்சிக் கொளுத்துறாங்க, பட்டுபட்டுன்னு அணையுது. நான் ஊதறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல. இரு, பாடச் சொல்றேன், கேளு.”

பாட்டு வந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பத்துப் பேராவது இருக்கும். அருகே படுத்திருந்த முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள்கூடச் சேர்ந்துகொண்டார்களாம். கோவிந்தம்மாளுக்குப் பாட்டில் புரிந்தது ஒரே சொல்தான். லீலா. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் வரும்போது பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

பாட்டு முடிந்து, கைதட்டல் முடிந்து, கொஞ்ச நேரம் வெறும் கடல் மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. பிறகு அதே குரல், இந்த முறை ரகசியமாக.

“அம்மா, இது தனியா சொல்றேன். பசங்க தண்ணில கீதுங்க, யாரும் இல்ல. கேக்கு வெட்டசொல்ல எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அக்கா நாளாச்சே, நான் தின்னுட்டேனேன்னு. ஆனா சந்தோசமா இருந்துச்சும்மா. அதான் பயமா கீது. நான் பொறந்தது எந்த நாளும்மா? உனக்கு நெனப்பு கீதா? தேதி இல்லன்னா மாசம், கெழமை, எதனா. யாராண்டயும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் வச்சிக்கிறேன். சொல்லி அனுப்…”

பாட்டரி இறங்கிவிட்டது. மகளின் குரல் கனத்து, இழுபட்டு, வயதான ஒருத்தியின் குரலாக மாறி நின்றது.

“நான் சொன்னன்ல?” என்றான் பலராமன். “சரி, படப்பைக்குப் போயி பாட்டரி வாங்கியாறேன். அதுக்குள்ள இன்னா பேசறதுன்னு யோசிச்சி வை. கேசட்டு இது ஒண்ணுதான். பின்னாடி பக்கம் காலியா கீது, அதுல பேசிடு. இதையே எடுத்துனு போயிடறேன்.”

“அப்ப அவ கொரலு?”

“அதுவும் கூடத்தான் வரும். பின்ன, பாதியா அறுத்தா குடுக்க முடியும்?”

அவன் சைக்கிளில் காலை வைத்தவன் திரும்பினான். “இன்னொண்ணு அத்தே. டேப்புல அவ சொந்தப் பேர வாயில எடுக்காத. அங்க சமையலுக்கு மலையாளத்து அம்மா ஒண்ணு கீது. ஊர்லேர்ந்து கேசட்டு வந்தா எல்லாம் ஒண்ணா குந்தினுதான் கேப்பாங்க. தமிழு நல்லா தெரியும் அதுக்கு. பேரு மாறினது தெரிஞ்சா அன்னிக்கே பிளேன் ஏத்தி வுட்டுடுவாங்க. ஜெயிலுகூட கீது.”

அவன் போன பிறகு கோவிந்தம்மாள் போட்டோவை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. வயது இருபது.

லீலா அவளுடைய அக்கா. கோவிந்தம்மாளுக்கு மூத்தவள். தலைப்பிரசவம் இரண்டு நாள் இழுத்துக்கொண்டதால் வண்டி கட்டி ஸ்ரீபெரும்புதூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நர்சம்மா ஒரு சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆகஸ்ட் பதினேழு. அந்த வீட்டில் பிறந்ததற்குத் தேதி உள்ள ஒரே பிள்ளை அவள்தான். அடுத்துப் பிறந்த பாபுவுக்கும் கங்காவுக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பார்த்து, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளை எழுதிக்கொண்டார். தெருவில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான்.

லீலா ஐந்தாவது முடித்தாள். படப்பையில் ஆறாவது சேர்க்க, பெயரும் பிறந்த தேதியும் போட்ட ரெக்கார்டு ஷீட் வாங்கி வைத்தாயிற்று. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய், நான்காம் நாள் கொண்டுவந்து, ஏரிக்கரைக்கு மேற்கே புதைத்தார்கள். செத்துப்போனதை மணியக்காரரிடம் சொல்லி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு நிலமா நீச்சா, எதற்கு எழுதுவது? அவள் தன் இடுப்பிலேயே வைத்துத் தூக்கித் திரிந்த கங்காவுக்கு அப்போது ஐந்து வயது.

கலியாணம் ஆகாமல் போன பெண் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பூவாடைக்காரி ஆவாள். வீட்டைக் காக்கிற தெய்வம். லீலாவும் ஆனாள். வருடம் ஒரு முறை ஆடி வெள்ளியில் புதுப் பாவாடை சட்டை, பூ, வெல்லமும் பச்சரிசி மாவும் வைத்துப் படைப்பார்கள். படைப்பதற்கு முன்பு ஏரிக்கரைக்குப் போய்ச் செம்பில் நீர் எடுத்து, பெற்றவள் அவளைப் பெயர் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டும். அழைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தால் அவள் பின்னாலேயே வந்துவிடுவாள். பதின்மூன்று வருடம் கோவிந்தம்மாள் அழைத்தாள். பதின்மூன்று வருடமும் அவள் வந்தாள் என்றுதான் கோவிந்தம்மாளுக்கு நம்பிக்கை. செம்பு திடீரென்று கனக்கும். அதுதான் அடையாளம்.

பிறகு ஏரி காய்ந்த அந்த வருடம் வந்தது. குவைத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மண்ணடியிலிருந்து ஏஜெண்டு ஒருத்தன் வந்தான். கங்காவைப் பார்த்தான், பிடித்தது. வயதைக் கேட்டான், உதட்டைப் பிதுக்கினான். பதினெட்டுக்கெல்லாம் அனுப்பமாட்டார்கள், இருபத்துமூன்றாவது இருக்க வேண்டும் என்றான். கோவிந்தம்மாளின் புருஷன் பாண்டுரங்கன் மறுநாள் காலையில் கேட்டான்.

“பெரியவ ரெக்கார்டு சீட்டு எங்கம்மே கீது?”

கோவிந்தம்மாள்தான் எடுத்துக் கொடுத்தாள். அதுதான் அவளால் மறக்க முடியாதது. புருஷன் பிடுங்கவில்லை, ஏஜெண்டு மிரட்டவில்லை. படையல் துணி இருந்த கூடையின் அடியில் மடித்து வைத்திருந்ததை அவளே கைவிட்டு எடுத்தாள்.

அந்தச் சீட்டைக் காட்டி லீலா என்ற பெயரிலேயே கங்காவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம் பழக்கினார்கள். ஏஜெண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தான்: ஏர்போர்ட்டில் பெயரைக் கூப்பிடும்போது இந்தப் பெண் திரும்பாமல் நின்றால் காரியம் கெட்டது. அதனால் வீட்டில் யாரும் கங்கா என்று கூப்பிடக் கூடாது. களை எடுத்துக்கொண்டிருக்கும்போது பாண்டுரங்கன் பின்னாலிருந்து திடீரென்று “லீலா!” என்பான். முதல் நாள் அவள் திரும்பவே இல்லை. இரண்டாம் நாள் திரும்பிவிட்டுச் சிரித்தாள். கோவிந்தம்மாளுக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் ஒரு நாள் அடுப்படியிலிருந்து அவளும் கூப்பிட்டாள்.

“லீலா, தண்ணி கொண்டாம்மா.”

தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் ஓடிவந்தாள்.

மாத முடிவில், தூக்கத்தில் கூப்பிட்டாலும் “இன்னாம்மா” என்று எழுந்து உட்காரும் அளவுக்குப் பழகிவிட்டது.

கங்கா கிளம்பிப் போனபின் இரண்டு ஆடி வந்துபோய்விட்டது. இரண்டு ஆடியிலும் கோவிந்தம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், வாயைத் திறக்காமல் திரும்பிவந்தாள். எப்படி அழைப்பது? செத்தவளை அழைத்தால், அந்தப் பெயருக்கு எழுந்து வரப் பழக்கியிருப்பது உயிரோடு இருப்பவளை அல்லவா? எங்கோ ஒரு தேசத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பவள், “இன்னாம்மா” என்று எழுந்து ஏரிக்கரையை நோக்கி நடந்துவிட்டால்?

போட்டோவில் அந்தப் பெண் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். பின்னால் கண் கொள்ளாத நீலம். பதினைந்து வருடத்தில் ஒரு முறைகூட, லீலா இருந்திருந்தால் இப்போது எப்படியிருப்பாள் என்று கோவிந்தம்மாள் நினைத்தது கிடையாது. செத்த பிள்ளை வளர்வதில்லை. ஆடிக்கு ஆடி அதே அளவுப் பாவாடைதான் தைத்தாள். இப்போது இந்தப் போட்டோவில் லீலா வளர்ந்து, கடல் தாண்டி, இருபத்தாறு வயதில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கங்காவைத்தான் காணவில்லை.

பலராமன் வருவதற்குள் பக்கத்து வீட்டு லூர்தம்மாளைக் கேட்டுவிடலாம் என்று எழுந்தாள். கங்கா பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் லூர்தம்மாள்தான். கூரை நிழலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“லூர்துக்கா, எஞ்சின்னவ என்னிக்குப் பொறந்தா? உனக்கு நெனப்பு கீதா?”

“இன்னாடி திடீர்னு? ஜாதகம் எழுதப் போறியா?”

“சொல்லேன்.”

லூர்தம்மாள் புளிக்கையால் காற்றில் கோடு போட்டு யோசித்தாள். “நவரை நடவு. நீ நடவுலேர்ந்து முதுகப் புடிச்சிகினு வந்த. மாட்டுப் பொங்கலு ஆயிருந்துச்சு, மாட்டுக் கொம்புல பெயிண்டு இன்னும் போவல.”

“அது எனக்கும் தெரியும். தேதி?”

“தேதிக்கு நான் எங்கடி போவேன்? இரு. நோம்பு தொடங்கற சாம்பல் புதன் வரல அப்ப. உனக்குப் பத்தியத்துக்குன்னு மறுநாளு கோழி அடிச்சேன். கொழம்பு நானும் ஊத்திகினேன். நோம்புல நான் கறி தொடமாட்டேன்.” அவள் முகம் மலர்ந்தது. “அடிச்ச அன்னிக்கு வெள்ளிக்கிழமையும் இல்ல. வெள்ளிக்கிழமைன்னா எப்பவும் தொடமாட்டேன்.”

“அப்ப வியாழக்கிழம பொறக்கல.”

“பொறக்கல. அது மட்டும் சர்ச்சுல வந்து சத்தியம் பண்ணுவேன்.”

மாட்டுப் பொங்கலுக்கும் சாம்பல் புதனுக்கும் நடுவே நாலு வாரம். அதில் வியாழக்கிழமைகளைத் தள்ளினால் இருபத்துநாலு நாள். அந்த இருபத்துநாலில் எதில் தன் வயிற்றிலிருந்து அந்தப் பிள்ளை வந்தது என்று கோவிந்தம்மாள் கண்ணை மூடிப் பார்த்தாள். முதுகு வலி நினைவுக்கு வந்தது. காலில் காய்ந்திருந்த சேறு நினைவுக்கு வந்தது. பிள்ளையைக் கழுவி மார்பில் போட்டபோது ஒரு நாற்று வாசனை. கிழமை மட்டும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் பாண்டுரங்கன் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தான். பாபுவுக்கு ஐப்பசியில் கலியாணம் வைத்திருந்தார்கள். தண்டலத்துச் சொந்தக்காரர்களுக்கு முதல் தகவல் சொல்லிவிட்டு வருகிறான்.

“பூசாரி எல்லப்பன வழில பாத்தேன்,” என்றான். “கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம படையல் வச்சிக்கலாம்னான். பம்பைக்காரங்களுக்குச் சொல்லிடறேன்னான். பொண்ணு வூட்டுக்காரங்களும் வராங்களாம்.”

கோவிந்தம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“இந்த தபா வாய மூடிகினு திரும்பி வர முடியாது, தெரிஞ்சிக்கோ. போன ஆடிக்கு நீ கூப்புடலன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் பின்னாடிதான நின்னேன். கல்யாணப் படையலு. பம்பை அடிச்சிகினு எல்லப்பன் பக்கத்துலயே நிப்பான். பேர சொல்லிக் கூப்புடாம தாலி எடுக்க வுடமாட்டாங்க.”

“நீ கூப்புடு.”

“பெத்தவதான் கூப்புடணும்.”

“யாரு கூப்புட்டாலும் வந்து நிக்கற மாதிரி அவள பழக்கினது யாரு? கழனில நின்னுகினு லீலா லீலான்னு கத்தினது நீதான?”

பாண்டுரங்கன் சொம்பைக் கீழே வைத்தான். “அது காயிதத்துக்கு வச்ச பேரும்மே. காயிதம் இன்னா கண்டுச்சு? சாமிக்குத் தெரியாதா யாரு செத்தா யாரு இருக்கான்னு?”

“எனக்கே தெரியலையே,” என்றாள் கோவிந்தம்மாள். “அந்தப் போட்டோவ நீ ஒரு தபா கூட எடுத்துப் பாக்கல. ஒம்பது நாளா வேலை வேலைன்னு வெளிய வெளிய போயிடற. எடுத்துப் பாரு. யாருன்னு சொல்லு பாப்போம்.”

அவன் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அவ பொறந்த நாளு கேட்டு அனுப்பிகீறா,” என்றாள் அவள். “உனக்காவது நெனப்பு கீதா?”

“அந்த வருசந்தான் சுங்குவார்சத்திரம் சந்தைல மயிலைக்காளை புடிச்சேன். தை பதினொண்ணு. ரசீதுகூட ரொம்ப நாளு இருந்துச்சு.”

“மாடு வாங்கினதுக்குத் தேதி கீது.”

“மாட்ட ஓட்டிகினு வந்தப்ப நீ உள்ள படுத்துகினு இருந்த.”

“பெத்துட்டுப் படுத்துகினு இருந்தனா, வலி எடுத்துப் படுத்துகினு இருந்தனா?”

பாண்டுரங்கன் நெடுநேரம் யோசித்தான். அவன் கண்முன் காளைதான் வந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தலையை ஆட்டினான். “தெரியலம்மே. எதனா ஒண்ணு சொல்லிடு. தை பதினொண்ணுன்னே சொல்லிடு. அவளுக்கு இன்னா தெரியப் போவுது? பாவம், கேக்குதில்ல? சொன்னா சந்தோசப்படும்.”

“ஒரு பொய்ய வச்சிகினுதான் அங்க நிக்கறா. இன்னொண்ணையும் இங்கேர்ந்து கட்டிக் குடுத்து அனுப்பவா?”

வெளியே சைக்கிள் மணி அடித்தது.

பலராமன் நான்கு புதுப் பாட்டரிகளைப் போட்டு, கேசட்டைத் திருப்பிச் செருகினான். முக்காலியை இழுத்து அத்தையின் முன்னால் வைத்தான். “இந்தச் செவப்பு அமுக்கினா சுத்த ஆரம்பிச்சிடும். நேரா இதாண்ட பேசு. கத்தத் தேவையில்ல. மாமா, நீயும் வாய்யா.”

பாண்டுரங்கன் கதவோரம் நின்றானே தவிர உள்ளே வரவில்லை. “அவளே பேசட்டும்.”

நாடா சுற்றியது. கோவிந்தம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசு அத்தே, ஓடுது.”

“ஏம்மா,” என்றாள். பெயர் வரவேண்டிய இடத்தில் மூச்சு நின்று, தாண்டிப் போயிற்று. “கண்ணு. அம்மா பேசறேன். நல்லா கீறோம். உங்கப்பா நல்லா கீறாரு, இங்கதான் நிக்கறாரு. பாபு ஷிப்டுக்குப் பூட்டான். அவனுக்கு ஐப்பசி மொத ஞாயித்துக்கெழம கல்யாணம். உன்னால வர முடியாதுன்னு பலராமன் சொன்னான். பரவால்ல. போட்டோ பாத்தேன். தலைல குல்லா நல்லா கீது. இளைச்சிட்டியா இல்ல வெயிலான்னு தெரியல.”

பலராமன் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினான்.

“நீ கேட்டல்ல ஒண்ணு. அது எனக்குத் தெரியலம்மா. லூர்துக்காவ கேட்டேன், உங்கப்பாவ கேட்டேன். தை மாசம் நடவு சமயம். மாட்டுப் பொங்கலுக்கு அப்புறம், அவங்க நோம்புக்கு முன்ன. வியாழக்கெழம இல்ல. அவ்ளோதான் தேறுச்சு. நாளு தெரியாம பெத்துட்டேன். மன்னிச்சிக்கோ. கேக்கு தின்னதுக்கு பயப்படாத. அவ எதத் தின்னாலும் உனக்கு ஒரு வாயி ஊட்டாம தின்னவ இல்ல.”

பலராமன் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தான். சமையற்காரம்மா, சமையற்காரம்மா என்று கையால் ஜாடை காட்டினான். கோவிந்தம்மாள் புரிந்தது என்று கண்ணை மூடித் திறந்தாள். தெருவில் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதுவும் நாடாவில் பதிந்தது.

அவள் முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாய் கிட்டத்தட்ட பெட்டியைத் தொட்டது. மகள் கடலோரத்தில் பேசிய அதே தணிந்த குரல் அவளுக்கும் வந்தது.

“கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம, பொழுது சாயசொல்ல, நான் ஏரிக்கரைக்குப் போவணும். அங்க நின்னு ஒரு பேர மூணு தபா கூப்புடணும். இந்த தபா கூப்புடாம இருக்க முடியாதாம். உங்க ஊருல அப்ப மணி இன்னாவோ, நீ இன்னா பண்ணிகினு இருப்பியோ. பசங்கள வச்சிகினு கடலாண்டகூட நிப்ப. உன் காதுல எங்கொரலு வந்து வுழுந்தாலும் வுழும். அது உனக்கு இல்லம்மா. உன்ன இல்ல. மூணு தபா ஆவற வரைக்கும், நீ எங்க நின்னுகினு இருந்தாலும் அங்கயே நில்லு. இன்னாம்மான்னு கேக்காத. திரும்பாத. எனக்கோசரம் அது ஒண்ணு மட்டும் பண்ணு. திரும்பாம இருப்பியா, கண்ணு?”